எந்தக் கைக்கு எந்த ஊசி? டோன்ஆர்முக்குக் கார்ட்ரிட்ஜ் பார்த்து வாங்குவது

“அண்ணே, 103 வாங்கிடலாமா?”

தாம்பரத்திலிருந்து தெரிந்த தம்பி ஒருவர் போன் செய்து கேட்டார். டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜைத்தான், அதாவது ஊசியைத் தாங்கும் குட்டிப் பெட்டியைத்தான், சொல்கிறார் என்று புரிந்தது. இசைத்தட்டுப் பித்துப் பிடித்தவர்களுக்குள் அதற்கு எண் மட்டும் போதும்.

“உங்ககிட்ட இருக்கிறது என்ன டர்ன்டேபிள்?” என்று கேட்டேன்.

“ப்ரோ-ஜெக்ட் டெபுட் கார்பன். ஏண்ணே, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? ஸ்க்ரூ ஓட்டை எல்லாத்துக்கும் ஒண்ணுதானே?”

ஓட்டை ஒன்றுதான். அரை அங்குல இடைவெளி, 2.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூ. மூன்றாவதாக ஒரு ஸ்க்ரூ வைத்துக்கொள்ளும் ரேகா போன்ற ஓரிருவரை விட்டால் ஏறக்குறைய எல்லாரும் அதே கணக்கில்தான் செய்கிறார்கள். வம்பும் அங்கேதான் தொடங்குகிறது. எந்தக் கார்ட்ரிட்ஜும் எந்தக் கையிலும் (டோன்ஆர்மைத்தான் கை என்கிறேன்) மாட்டும், மாட்டினால் பாடவும் செய்யும். தப்பான ஜோடி என்று உடனே தெரிந்துவிட்டால் பரவாயில்லை. பல மாதம் கழித்து “இந்த ரெக்கார்டே சரியில்லை”, “ஸ்பீக்கர் மாத்தணும் போல” என்று வேறு எதன் மேலேயோ பழி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான்.

அந்தத் தம்பிக்குப் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஒப்பிடப்போவது மூன்று கார்ட்ரிட்ஜ்கள்: ஆடியோ-டெக்னிகா ஏடி-விஎம்95இ, ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட், டெனான் டிஎல்-103. மாட்டிப் பார்க்கப்போவது இரண்டு கைகளில்: என்னிடம் இருக்கும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2, அவரிடம் இருக்கும் டெபுட் கார்பன். முதலாவது நடுத்தர எடை, இரண்டாவது இலகு. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுக்குப் பக்கத்தில் வரும்.

கார்ட்ரிட்ஜே கழற்ற வராத, ஊசியை மட்டும் மாற்றக்கூடிய ஆரம்பநிலை டேபிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. அவர்கள் ஊசியை மாற்றிவிட்டுப் பாட்டு கேட்கலாம்.

ரப்பரும் எடையும்

ஊசி என்று நாம் சொல்வது ஒரு மெல்லிய குச்சியின் நுனி. அந்தக் குச்சிதான் கேண்டிலீவர். அதன் மறுமுனை கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு சின்ன ரப்பர் வளையத்தில் பிடித்து நிற்கிறது. அந்த ரப்பர் எவ்வளவு இளகிக் கொடுக்கிறது என்பதுதான் கம்ப்ளையன்ஸ். எண் பெரிதாக இருந்தால் மென்மை, சிறிதாக இருந்தால் விறைப்பு.

இந்த ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கும் சுமை இரண்டாவது விஷயம். கார்ட்ரிட்ஜின் எடை, ஸ்க்ரூவின் எடை, அப்புறம் கையின் ‘எஃபெக்டிவ் மாஸ்’. இது கையைக் கழற்றித் தராசில் வைத்தால் வரும் எடை கிடையாது, கை அசையும்போது ஊசிக்குத் தெரியும் எடை. கதவைக் கீல் பக்கம் பிடித்துத் தள்ளினால் மூச்சு வாங்கும், கைப்பிடிப் பக்கம் தள்ளினால் சுலபமாக நகரும். அதே விஷயம் இங்கே திருப்பிப் போட்டு வருகிறது. கையின் பின்பக்கம் அச்சுக்குப் பக்கத்தில் இருந்து சமன்செய்யும் கவுண்டர்வெயிட் எத்தனை கனமாக இருந்தாலும் ஊசிக்குக் கொஞ்சம்தான் தெரியும். ஊசிக்கு நேர் மேலே கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் ஹெட்ஷெல், ஸ்க்ரூ, விரல் வைத்துத் தூக்கும் கொக்கி எல்லாம் கிட்டத்தட்ட முழு எடையாகவே தெரியும். அதனால்தான் ஒரு கிராம் ஸ்க்ரூவுக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறோம்.

ஸ்ப்ரிங்கும் சுமையும் சேர்ந்தால் அதற்கென்று ஒரு ஆட்ட வேகம் வந்துவிடும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒத்ததிர்வு என்று படித்தோமே, அது. அந்த வேகத்துக்குக் கீழே உள்ள அசைவுகளுக்குக் கை முழுதாக ஏறி இறங்கும், ஊசி சும்மா இருக்கும். மேலே உள்ள அசைவுகளுக்குக் கை அசையாமல் நிற்கும், ஊசி மட்டும் ஆடும். நமக்கு வேண்டியதும் அதுதான். வளைந்த தட்டில் மேடு வந்தால் கை ஏறி இறங்க வேண்டும், பாட்டு வந்தால் ஊசி மட்டும் ஆட வேண்டும்.

தட்டின் வளைவு, தரை அதிர்வு போன்றவை பெரும்பாலும் 7, 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே. இசை 20 ஹெர்ட்ஸிலிருந்து. இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில், 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள், இந்த ஒத்ததிர்வை ஒளித்துவைக்க வேண்டும். 10 என்றால் உத்தமம்.

விறைப்பான ரப்பரை இலகுவான கையில் மாட்டினால் காலி லாரி மாதிரி. பட்டை ஸ்ப்ரிங், மேலே லோடு இல்லை, சின்னப் பள்ளத்துக்கும் தடதடவென்று குதிக்கும். ஒத்ததிர்வு 13, 15 ஹெர்ட்ஸ் என்று மேலே ஏறி பாட்டின் அடிப்பகுதியைத் தொடப் பார்க்கும். பாஸ் வரும்போது ஊசியோடு சேர்ந்து கையும் ஆடத் தொடங்கும். மென்மையான ரப்பரைக் கனமான கையில் மாட்டினால் பத்துப் பேர் ஏறிய ஷேர் ஆட்டோ. ஒத்ததிர்வு 7, 6 என்று இறங்கும். வளைவுகளெல்லாம் அதை ஊஞ்சல் ஆட்டும்.

அது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றிவிட்டு, பரணில் கிடந்து வளைந்துபோன ஒரு எல்பியைப் போடுங்கள். வூஃபர் கூம்பு தவளைத் தொண்டை மாதிரி உள்ளே போய் வெளியே வரும். தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி. 1.8 விநாடிக்கு ஒருமுறை அந்தத் தொண்டை பெரிதாகப் புடைக்கும், அதன் பின்னாலேயே சின்னச் சின்னத் துடிப்புகள் ஓடும். காதுக்கு ஒன்றும் கேட்காது. ஆனால் ஆம்ப்ளிஃபையர் அந்தக் கேட்காத சத்தத்துக்காகவும் உழைத்துக்கொண்டிருக்கும். வயலின் தனியாக இழுக்கும் இடத்தில் சுருதி லேசாக நடுங்குவதும் இதனால் இருக்கலாம். பழைய ஹெட்ஷெல்லை எடுத்துவிட்டுக் கனமான ஒன்றை அழகுக்காக மாட்டிய காலத்தில், என் வீட்டு வூஃபர் இப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மூன்று மாதம் நான் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டேன்.

கணக்கும் அதில் இருக்கும் கண்ணியும்

சூத்திரம் எளிது. கை, கார்ட்ரிட்ஜ், ஸ்க்ரூ மூன்றின் கிராம் கணக்கைக் கூட்டுங்கள். அதைக் கம்ப்ளையன்ஸால் பெருக்குங்கள். வர்க்கமூலம் எடுங்கள். 159-ஐ அதனால் வகுத்தால் ஹெர்ட்ஸ் வந்துவிடும். போன் கால்குலேட்டர் போதும்.

கண்ணி எங்கே என்றால், கம்ப்ளையன்ஸ் என்று எல்லாரும் ஒரே எண்ணைப் போடுவதில்லை. ஜப்பான் கம்பெனிகள் வழக்கமாக 100 ஹெர்ட்ஸில் அளந்த எண்ணைக் கொடுக்கும். நம் சூத்திரத்துக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸ் பக்கத்து எண். ரப்பர் மெதுவான அசைவுக்கு அதிகம் இளகும், ஆகவே 100 ஹெர்ட்ஸ் எண்ணை ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்காக்கிக்கொள்ள வேண்டும். இது கைக்கணக்குதான், சட்டம் இல்லை. ஐரோப்பியக் கம்பெனிகளின் எண்ணைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

விஎம்95இ-யையே பாருங்கள். அதன் விவரத்தாளில் இரண்டு கம்ப்ளையன்ஸ் இருக்கிறது: ஸ்டாட்டிக் (அசையாதபோது அளந்தது) 17, டைனமிக் (அசையும்போது அளந்தது) 7. டெக்னிக்ஸ் கையில் வைத்து 17-ஐப் போட்டால் 8.8 ஹெர்ட்ஸ் வருகிறது. 7-ஐ அப்படியே போட்டால் 13.8. அதே கை, அதே கார்ட்ரிட்ஜ். ஒருவர் “பிரமாதம்” என்பார், இன்னொருவர் “பொருந்தவே பொருந்தாது” என்பார். இரண்டு பேரும் கால்குலேட்டரைத் தட்டிவிட்டுத்தான் பேசுகிறார்கள். 7 என்பது 100 ஹெர்ட்ஸ் எண். அதை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்கினால் 10.5 முதல் 14. அதை வைத்துப் போட்டால்தான் நியாயம்.

டெக்னிக்ஸ் கையில்

எஸ்எல்-1200 வந்தது 1972. எம்கே2 வந்தது 1979. எஸ் வடிவக் கை, அதன் எஃபெக்டிவ் மாஸ் 12 கிராம் என்று கையேடே சொல்கிறது. ஸ்க்ரூவுக்கு ஒரு கிராம் சேர்த்துக்கொள்வோம்.

விஎம்95இ எடை 6.1 கிராம். மொத்தம் 19 கிராம் சொச்சம். விடை 9.7-க்கும் 11.2-க்கும் இடையில். இதைவிடச் சொல்லிவைத்தாற்போல் ஒரு ஜோடி கிடைக்காது. இந்த மூன்றிலும் விலை குறைவு இதுதான் என்பது இன்னொரு நல்ல செய்தி.

2எம் ரெட் 7.2 கிராம், கம்ப்ளையன்ஸ் 20. மொத்தம் 20.2 கிராம். விடை 7.9. கோட்டின் மேல் நிற்கிறது. இதை வைத்து “டெக்னிக்ஸில் 2எம் கூடாது” என்று சிலர் தீர்ப்பு எழுதுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தட்டையான புதுத் தட்டுகளாக வாங்கிக் கேட்பவருக்கு இது பிரச்சினையே ஆகாது. அலுமினிய ஸ்க்ரூ, கொஞ்சம் இலகுவான ஹெட்ஷெல் என்று ஒன்றரை கிராம் குறைத்தால் 8.2-க்கு வந்துவிடும். ஆனால் நம்மில் பலருடைய சேகரிப்பு அப்படி இல்லை. எக்கோ, இன்ரெகோ, எச்எம்வி தட்டுகளைப் பழைய கடையில் குனிந்து பொறுக்கிச் சேர்த்தது. வெயிலில் இருந்தது, படுக்கவைத்து அடுக்கியது, பாதி தட்டு கிண்ணமாகிப் போயிருக்கும். அப்படிப்பட்ட சேகரிப்புக்கு 7.9-ஐவிட 10.5 எவ்வளவோ மேல்.

டிஎல்-103 கதை தனி. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே-யோடு சேர்ந்து, ஸ்டுடியோ வேலைக்காகச் செய்தது. ஸ்டுடியோக் கைகள் கனமாக இருந்த காலம். நாள் முழுக்க இறக்கி ஏற்றுவார்கள், முன்னும் பின்னும் சுற்றிப் பாட்டின் தொடக்கத்தைப் பிடிப்பார்கள். விறைப்பான ரப்பர், உருண்டையான 16.5 மைக்ரான் நுனி, ஊசி தட்டின் மேல் வைக்கும் 2.5 கிராம் அழுத்தம் எல்லாம் அந்த வேலைக்கு ஏற்றவை. 100 ஹெர்ட்ஸில் கம்ப்ளையன்ஸ் 5, அதாவது நம் கணக்குக்கு 7.5 முதல் 10. எடை 8.5 கிராம். டெக்னிக்ஸில் மொத்தம் 21.5 கிராம், விடை 10.8 முதல் 12.5. பொருந்துகிறது, மேல்வரம்பில் கொஞ்சம் உரசிக்கொண்டு. ஹெட்ஷெல்லுக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் நடுவே நாலைந்து கிராமில் ஒரு பித்தளைத் தகடு வைத்தால் 10-க்கும் 11.4-க்கும் இடையில் வந்து உட்காரும். எம்கே2-வின் அழுத்தச் சக்கரத்தில் குறியீடு 2.5 கிராமோடு முடிகிறது. 103-க்கு வேண்டியதும் சரியாக அதே கடைசிக் கோடுதான்.

பித்தளைத் தகடு என்றவுடன் ஒன்று ஞாபகம் வருகிறது. எடை கூட்ட ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டும் யோசனை யாருக்கும் வரக்கூடியதே. வேண்டாம். இப்போது புழங்கும் ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும் எஃகு. கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது காந்தம். பித்தளை, அலுமினியம், செம்பு மட்டும்தான் அந்தப் பக்கம் போகலாம். ஸ்க்ரூவுக்கும் இதே விதி, ஸ்க்ரூடிரைவருக்கு இன்னும் கடுமையாக. காந்த முனை ஸ்க்ரூடிரைவர் கடைசி அங்குலத்தில் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும்போது ஊசி வழியில் இருந்தால் அவ்வளவுதான்.

டெபுட் கார்பன் கையில்

இது 8.6 அங்குலக் கார்பன் ஃபைபர் குழாய். எஃபெக்டிவ் மாஸ் வெறும் 6 கிராம். டெக்னிக்ஸில் பாதி. ஸ்க்ரூவுக்கு அரை கிராம் வைத்துக்கொள்வோம்.

இங்கே வரிசை தலைகீழாகிறது. டெக்னிக்ஸில் கோட்டின் மேல் தடுமாறிய 2எம் ரெட், இங்கே 9.6 ஹெர்ட்ஸில் கச்சிதமாக உட்காருகிறது. பல ஊர்களில் இந்த டேபிளை 2எம் ரெட் மாட்டியே விற்றது சும்மா இல்லை.

விஎம்95இ இங்கே 12-க்கும் 13.8-க்கும் இடையில். கேட்கலாம், ஒன்றும் கெட்டுவிடாது, ஆனால் வேறு வழி இருக்கும்போது ஏன்? ஒரு விதிவிலக்கு உண்டு. அதே உடம்பில் எம்எல் (மைக்ரோலைன்) என்ற ஊசியைப் போட்டால் ரப்பர் கொஞ்சம் மென்மை, 100 ஹெர்ட்ஸில் 10. அப்போது விடை 10 முதல் 11.6. அதாவது ஊசியை மட்டும் மாற்றியதிலேயே பொருத்தம் மாறிவிடுகிறது. கார்ட்ரிட்ஜ் பெயரைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்கு இதுவே போதும்.

டிஎல்-103-ஐ இங்கே மாட்டினால் 13 முதல் 15. காலி லாரி. போனில் கேட்ட தம்பிக்குத் தெரிந்த ஒருவர் இப்படி ஒரு இலகுவான கையில் 103-ஐ மாட்டி வைத்திருந்தார். கடைக்காரர் “எல்லாத்திலும் போகும் சார்” என்று மாட்டிக் கொடுத்தாராம். நான் போய்க் கேட்டபோது குரல் அருமையாக வந்தது. மிருதங்கத்தின் தொப்பி அடி விழும் இடங்களில் மட்டும் ஏதோ கலங்கலாக இருந்தது. கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். அடி விழும்போதெல்லாம் ஹெட்ஷெல் நுனி மயிரிழை அளவுக்கு நடுங்குகிறது. சத்தம் கூட்டினால் நடுக்கமும் கூடுகிறது. “ரெக்கார்டு தேஞ்சிருக்கு போல” என்றார் அவர். அதே ரெக்கார்டை என் வீட்டில் போட்டுக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

ஐந்து கிராம் தகடு வைத்து அந்தக் கையிலேயே 11.2 முதல் 13 வரை இறக்கலாம். ஆனால் அந்தக் கூடுதல் எடையைச் சமன்செய்யக் கவுண்டர்வெயிட் பின்னால் போதுமான இடம் வேண்டும், இல்லாவிட்டால் கனமான கவுண்டர்வெயிட் தனியாக வாங்க வேண்டும். இலகுவாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்த ஒரு கையில் ஈயமும் பித்தளையும் கட்டித் தொங்கவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

பழைய இலகு கைகள்

1970களில் இலகுவான கையும் மென்மையான ரப்பரும்தான் மோஸ்தர். எஸ்எம்இ 3009 சீரிஸ் 3 கையின் எஃபெக்டிவ் மாஸ் 5 கிராமைச் சுற்றித்தான். ஷூர் வி15 வரிசை போன்ற, ஒரு கிராம் சொச்சம் அழுத்தத்தில் ஓடும் கார்ட்ரிட்ஜ்களுக்காகவே செய்தது. அப்புறம் 103 மாதிரி, காந்தத்துக்குப் பதிலாகக் கம்பிச்சுருள் ஆடும் ‘மூவிங் காயில்’ கார்ட்ரிட்ஜ் மோகம் வந்தது, கைகள் மறுபடி சதை போட்டன. ஷூர் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தொழிலையே விட்டுவிட்டது. அதனால் செகண்ட் ஹேண்டில் அந்தக் காலத்து இலகு கை கையில் கிடைத்தால், முதலில் அதற்கு இன்று என்ன மாட்டுவது என்று யோசித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். 2எம் போன்ற 20-ஐத் தொடும் ரப்பர் என்றால் பிழைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்துக் கார்ட்ரிட்ஜையே பெட்டி பிரிக்காமல் விற்கிறார்களே என்று கேட்பீர்கள். ரப்பருக்குப் பெட்டி பிரித்தது பிரிக்காதது தெரியாது. நாற்பது வருடத்தில் அது இறுகிப் போகலாம், சில இனங்கள் பிசின் மாதிரி இளகியும் போகும். தாளில் 30 என்று போட்டிருக்கும் ரப்பர் இன்று என்ன எண் என்பதை எந்தத் தாளும் சொல்லாது. சென்னை மாதிரி ஊரில், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அலமாரியில் இருந்தது என்றால் நான் தொடவே மாட்டேன். ஒருமுறை தொட்டேன். ஊசி முதல் மேட்டிலேயே தவ்விக் கடைசிப் பாட்டுக்குப் போய்விட்டது.

ஹெர்ட்ஸ் மட்டும் பார்த்தால் போதுமா

ஜாதகத்தில் ரஜ்ஜு தட்டினால் மேற்கொண்டு பார்க்காமல் ஜாதகத்தை மூடி வைத்துவிடுவார்கள். ஒத்ததிர்வை அப்படி நினைக்க வேண்டாம். 7.9-க்கும் 8.2-க்கும் நடுவே கல்யாணத்தை நிறுத்துகிறவர்கள், ஊசி இரண்டு மில்லிமீட்டர் கோணலாக உட்கார்ந்திருப்பதைக் கவனிக்க மாட்டார்கள். எனக்கு இந்த எண் கழித்துக்கட்டுவதற்கு மட்டும். 15 வந்தால் வேண்டாம், 6 வந்தால் வேண்டாம். நடுவில் வந்தால் அதை மறந்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம்.

மற்றதில் முதலாவது மின்னழுத்தம். விஎம்95இ கொடுப்பது 4 மில்லிவோல்ட், 2எம் ரெட் 5.5. இரண்டையும் எந்த ஆம்பின் ஃபோனோ (இசைத்தட்டு) வாயிலும் சொருகலாம். டிஎல்-103 கொடுப்பது 0.3 மில்லிவோல்ட், விஎம்95இ-யில் பதிமூன்றில் ஒரு பங்கு. அந்தச் சன்னமான மின்னழுத்தத்தைப் பெரிதாக்கும், மூவிங் காயிலுக்கான ஃபோனோ ஸ்டேஜோ ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரோ இல்லாமல் அதை வாங்கினால் முனகல்தான் கேட்கும். கார்ட்ரிட்ஜ் விலையை மட்டும் பார்த்து “கட்டுப்படியாகுதே” என்பவர்கள் இந்த இரண்டாவது பில்லை மறந்துவிடுகிறார்கள். தம்பியும் மறந்திருந்தார்.

இரண்டாவது ஊசியின் வடிவம். என் கணக்கில் இதுதான் காதுக்கு அதிகம் தெரியும், ஒத்ததிர்வைவிட அதிகம். பழைய தமிழ்ப்படத் தட்டுகள் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் வைத்த ரெக்கார்டு பிளேயர்களில், பல கிராம் அழுத்தத்தில் ஓடியவை. கல்யாண வீட்டு மைக் செட்டில் ஓடியது என்றால் கேட்கவே வேண்டாம். அந்த உருண்டை ஊசிகள், தட்டில் ஊசி ஓடும் பள்ளத்தின் சுவரை ஒரே உயரத்தில் தேய்த்து வைத்திருக்கும். 103-இன் உருண்டை நுனியும் ஏறக்குறைய அதே தேய்ந்த தடத்திலேயே ஓடும். மைக்ரோலைன் போன்ற ஒல்லியான ஊசி சுவரில் வேறு உயரத்தைத் தொடுவதால், யாரும் தொடாத இடத்திலிருந்து பாட்டை எடுக்கிற வாய்ப்பு உண்டு. எல்லாத் தட்டிலும் இல்லை, ஆனால் சிலவற்றில் நம்ப முடியாத வித்தியாசம். தட்டின் உள்வட்டத்தில் வரும் கடைசிப் பாட்டில் ‘ஸ’, ‘ச’ எல்லாம் பொரிந்துபோவதும் இதில் நன்றாகக் குறையும். 103-ஐ எனக்குப் பிடிக்கும், குரலில் அது காட்டும் சதைப்பிடிப்பை மற்ற இரண்டும் காட்டுவதில்லை. ஆனால் ஒரு வீட்டில் ஒரே ஒரு கார்ட்ரிட்ஜ்தான் என்றால் அதைச் சொல்ல மாட்டேன்.

உயரம் மாற்ற முடியாத கைகளில் கார்ட்ரிட்ஜின் உயரத்தையும் பார்க்க வேண்டும். ரேகா கைகளில் 2எம் மாட்டுபவர்கள் கைக்கு அடியில் ஸ்பேசர் வைப்பது சகஜம். டெக்னிக்ஸில் வளையத்தைத் திருகினால் உயரம் மாறும், கவலை இல்லை. கிராடோ மாதிரி உறையில்லாத கார்ட்ரிட்ஜ்கள் சில டேபிள்களின் மோட்டாருக்குப் பக்கத்தில் போனால் ‘ம்ம்ம்’ என்று இரையும், மோட்டார் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது

2எம், விஎம்95 இரண்டிலும் ஓட்டையிலேயே மரை வெட்டியிருக்கும், மேலிருந்து ஸ்க்ரூவை முடுக்கினால் முடிந்தது. 103-க்கு அடியில் நட் பிடிக்க வேண்டும். அந்தக் குட்டி நட் விரலிலிருந்து நழுவி மொசைக் தரையில் உருளும் சத்தம் எனக்கு மனப்பாடம். வேலையை ஒரு வெள்ளைத் துண்டின் மேல் வைத்துச் செய்யுங்கள்.

நாலு கம்பி: வெள்ளை இடது, நீலம் இடதின் எர்த், சிவப்பு வலது, பச்சை வலதின் எர்த். முனையில் உள்ள குட்டிக் குழாயை டுவீசரால் பிடித்துத் தள்ள வேண்டும், கம்பியைப் பிடித்து அல்ல. கம்பியைப் பிடித்தால் சால்டர் விட்டுவிடும். குழாய் பின்னில் லூசாக இருந்தால் பல் குத்தும் குச்சியை உள்ளே விட்டுக்கொண்டு டுவீசரால் லேசாக நசுக்கினால் பிடிக்கும். பின்னில் மாட்டிய நிலையில் நசுக்காதீர்கள், பின் உடைந்தால் கார்ட்ரிட்ஜே போச்சு.

டெக்னிக்ஸில் ஊசி நுனிக்கும் ஹெட்ஷெல்லின் ரப்பர் வாஷருக்கும் 52 மில்லிமீட்டர். அதோடு விடாமல் ஒரு புரொட்ராக்டரில் கோணத்தையும் பார்த்துவிடுங்கள். அழுத்தத்துக்குச் சக்கரத்தின் எண்ணை மட்டும் நம்பாமல் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். “தட்டு தேயுமே” என்று பயந்து 1.8 கேட்கும் ஊசிக்கு 1.3 வைப்பவர்கள் உண்டு. அழுத்தம் போதாவிட்டால் ஊசி பள்ளத்துக்குள் நிற்காமல் சுவரில் மோதி மோதி ஓடும், தட்டை அதிகம் கெடுப்பது அதுதான்.

கடைசியில் தம்பி என்ன செய்தார் என்றால், புதுக் கார்ட்ரிட்ஜ் எதுவுமே மாட்டவில்லை. அவர் டேபிளில் ஏற்கெனவே இருந்தது 2எம் ரெட். அதே உடம்பில் 2எம் ப்ளூவின் ஊசி ஏறும். 103-க்கும் அதற்கு வேண்டிய ஃபோனோ ஸ்டேஜுக்கும் ஆகிற செலவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனேன். ரெட் ஊசியை உருவி எடுத்துவிட்டு ப்ளூவைச் சொருகி, ‘க்ளிக்’ என்று கேட்டதும் தராசில் வைத்தோம். அதே 1.8 கிராம். கம்ப்ளையன்ஸும் அதே 20. கைக்கு ஊசி மாறியதே தெரியாது. ஸ்க்ரூவைத் தொடவில்லை, கோணத்தைத் தொடவில்லை. ஒட்டிய நுனி போய் முழு வைர நுனி வந்ததில் உள்வட்டப் பாட்டு மட்டும் தெளிந்துவிட்டது.

இரண்டு பக்கம் கேட்டு முடித்துக் காபி வந்த பிறகு மெதுவாக ஆரம்பித்தார்: “அப்போ 103, அண்ணே?”

“அதுக்கு முதல்ல வேற கை வேணும் தம்பி.”

இப்போது அவர் செகண்ட் ஹேண்டில் ஒரு டெக்னிக்ஸ் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் வீட்டில் என் மேல் கொஞ்சம் கோபம் என்று கேள்வி.